பதினோராவது ஸ்லைடு

எல்லா வீட்டுப் படத்தையும்
ஒரே ஸ்லைடில் வைக்கச் சொல்கிறார் கிளீட்டஸ்,
வள்ளச் சங்கத்துச் செயலாளர்.
கடல் எடுத்தது நாற்பத்து மூன்று வீடு.

கருங்கல் சந்தை ரோட்டில்
ரப்பர் ஷீட் கடைக்கு மேலே என் அறை.
ஜன்னலைச் சாத்தினாலும்
புகையிட்ட ஷீட்டின் வாசம் ஏறி வரும்.
திங்கள் காலை பத்தரைக்கு
நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில்
பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள்,
தூண்டில் வளைவு கேட்பதற்கு.

வைத்துக் காட்டினேன்.
ஏழுக்கு ஆறு, ஓரம் பிசகாமல் பொருந்தியது.
தபால்தலை ஆல்பம் மாதிரி இருந்தது.
அதில் எந்தச் சுவரும் விழவில்லை.
"ஒவ்வொண்ணும் ஒரு வீடாக்கும்" என்றார்.
"கடைசி நாற்காலியிலிருந்து பார்த்தால்
ஒன்றுமே வீடில்லை" என்றேன்.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம்.
பல் டாக்டர்களுக்கும்
முந்திரி ஏற்றுமதிக்காரருக்கும்
செய்து செய்து கை பழகிய விதி.
முப்பத்திரண்டில் ஒரு பல்லைத் தேர்ந்தெடுக்கையில்
யாரும் குரல் கம்மியதில்லை.

"அப்போ எந்த வீடு?"
கேட்டது நான்தான்.
கேட்டிருக்கக் கூடாது.

பெர்பெத்தா வீடு என்றார்,
பாதிச் சுவரில் காலண்டர் இன்னும் தொங்குகிறது.
உடனே வேண்டாம் என்றார்:
"அவ எனக்க மைனி. ஊருல பேச்சு வரும்."

ததேயுஸ் வீட்டில் மிச்சம் மாடிப்படி மட்டும்.
மூன்றில் ஒரு பங்கு படி, மீதியெல்லாம் கடல்,
மேற்கேயிருந்து சாய்ந்த வெயில்.
என் கை போய் நின்றது அதில்.
"அவன் சவுதியில இருக்கான்.
உள்ளே தள்ளி வேற வீடு கெட்டியாச்சு."
அழகான படத்தின் மேல்
அம்புக்குறி சும்மா துடித்துக்கொண்டிருந்தது.

பின்னணிக்குக் கடல் நீலம் கேட்டார்.
அந்த ஹாலின் புரொஜெக்டரை எனக்குத் தெரியும்,
நீலத்தைத் தின்றுவிடும்.
வெள்ளையில் கறுப்பு போதும் என்றேன்.
எழுத்து அலையாய்ப் புரண்டு வர வேண்டும் என்றார்.
கூடாது என்றேன்.
"எங்க ஊருல எல்லாம் அசையுது,
இதுல மட்டும் அசையப்பிடாதா?"
பதில் இல்லை என்னிடம்.
ஆனாலும் நீக்கினேன்.

நான்கு பக்கக் கோரிக்கையை
ஆறு சொல்லாக்கினேன்:
ஐந்து வருடம். பதினெட்டு மனு. ஒரு பதில்.
"என்ன பதில்ணு போடலியே?"
என்ன பதில் என்று நான் கேட்டேன்.
"மனு கிடைச்சுதுண்ணு."

ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்குப் போன்.
குருசடியில் எல்லாரும் கூடி
நாற்பத்து மூன்று பெயர் எழுதி
சீட்டு குலுக்கினார்களாம்.
செலஸ்டீனாள் வீடு விழுந்திருக்கிறது.

கோப்பை இரண்டு தரம் தேடினேன்.
எண்ணினேன்.
படம் நாற்பத்திரண்டுதான்.
ஏழுக்கு ஆறு, அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியபோதே
எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"முதல்ல போனது அதுதான்.
ராத்திரி. படம் எடுக்கணும்ணு
அன்னைக்கு யாருக்குத் தோணும்?"
"வேறு சீட்டு எடுக்கலாமே?"
போனில் காற்று மட்டும் இரைந்தது.
"சீட்டு சீட்டுதான் கேட்டியளா."

பதினோராவது ஸ்லைடை வெள்ளையாக விட்டேன்.
இடது கீழ் மூலையில் பெயர்,
அளவு இருபத்தெட்டு.
அடியில் ஒரு கோடு போட்டு, எடுத்துவிட்டேன்.
காலையில் பஸ் ஸ்டாண்டில்
பென்டிரைவை வாங்கும்போது கேட்டார்:
"ஸ்லைடுக்கு அறுபதுண்ணு சொன்னிய.
வெறும் ஸ்லைடுக்கும் அறுபதா?"
அதற்குத்தான் ராத்திரி முழுக்க ஆயிற்று என்று
சொல்ல வாய் வரவில்லை.
ஐம்பதாகக் குறைத்தேன்.

பஸ் ஏறி நானும் கூடப் போனேன்.
கடைசி நாற்காலி.
பத்தில் ஏழு நிமிஷம் முடிந்திருந்தது,
அதிகாரி ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பதினொன்று வந்தது.
ஹால் சட்டென்று வெளுத்தது,
எல்லா முகத்திலும் வெளிச்சம்.
படம் லோட் ஆகவில்லையென்று நினைத்து
ஆபரேட்டர் பையன் எழுந்து ஓடி
கேபிளைப் பிடுங்கிச் செருகினான், ஆட்டினான்,
திரும்பவும் ஆட்டினான்.

"வராது தம்பி" என்றார் கிளீட்டஸ்
மைக்கில்.